'டக்'னு ஒரு சத்தம், அதோட சரி! பழைய மினி டிராக்டர் மக்கர் பண்ணினால் புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்க

பொள்ளாச்சி:

மழை பெய்து மண் நல்ல பதத்தில் இருக்கிறது. இன்றைக்கு விட்டால் களை முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். ரோட்டவேட்டரை மாட்டி, சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. மறுபடி திருகினால் அந்தச் சத்தமும் இல்லை.

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரத் தென்னந்தோப்புகளில் பத்து, பதினைந்து வருஷம் ஓடிய மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. "பேட்டரி போச்சுங்க" என்று டிரைவர் சொல்வார். கடைக்குப் போய் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து புது பேட்டரி வாங்கி மாட்டுவார்கள். வண்டியும் ஜம்மென்று ஸ்டார்ட் ஆகும். நாலு நாள் ஓடும். ஐந்தாம் நாள் காலையில் மறுபடியும் அதே 'டக்'.

புது பேட்டரி மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பிரயோஜனம் இல்லை. பல நேரங்களில் கோளாறு பேட்டரிக்குள் இருப்பதில்லை. பேட்டரியில் இருந்து செல்ப் மோட்டாருக்குக் கரண்ட் போகிற வழியில்தான் இருக்கிறது. புது பேட்டரி முழு பலத்தோடு இருப்பதால் அந்தக் கோளாறையும் மீறி நாலு நாள் தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான்.

தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி விட்டு, நடுவில் கோகோவும் ஜாதிக்காயும் ஊடுபயிராக வைத்திருக்கும் தோப்புகளில் பெரிய டிராக்டரைத் திருப்ப முடியாது. அங்கே மினி டிராக்டர்தான் எல்லா வேலைக்கும். 2016-ம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈக்குப் பிறகு தென்னை வருமானமும் முன்போல நிச்சயமாக இல்லை. புது வண்டி எடுக்கும் யோசனையைத் தள்ளிப்போட்டு, பழைய வண்டியையே தட்டிக்கொட்டி ஓட்டுகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு ஒரு பேட்டரி காசு என்பது சின்ன காசு இல்லை.

ஸ்குரூடிரைவர் வித்தை வேண்டவே வேண்டாம்!

காசு போனால் போகட்டும், உயிர் போகிற விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சாவியில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை என்ன செய்வார்கள்? கீழே இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, செல்ப் மோட்டார் மேல் இருக்கும் சொலினாய்டின் போல்ட்டுகளை ஒரு பெரிய ஸ்குரூடிரைவரால் சேர்த்துப் பிடிப்பார்கள். 'சர்ர்' என்று பொறி பறக்கும். செல்ப் சுற்றும், என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும். கைதேர்ந்த டிரைவர் என்று பேரும் கிடைக்கும்.

கியரில் போட்டு நிறுத்திய வண்டி என்பதை மறந்திருந்தால்? சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும்போது கிளட்ச் ஸ்விட்சோ நியூட்ரல் ஸ்விட்சோ குறுக்கே நின்று தடுக்கும். ஸ்குரூடிரைவர் வைத்தால் அந்தப் பாதுகாப்பு எதுவுமே கிடையாது. டீசல் என்ஜின் பிடித்த அடுத்த நொடியே வண்டி நகரும். ஆள் நிற்பதோ பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். விலக நேரம் இருக்காது. மினி டிராக்டர்தானே என்று நினைக்கக் கூடாது. அரை டன்னுக்கு மேல் எடை உள்ள வண்டி அது. பி.டி.ஓ. லீவர் போட்டபடி இருந்தால் பின்னால் ரோட்டவேட்டர் கத்தியும் சேர்ந்து சுற்றும். பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது குனிந்திருக்கும் டிரைவருக்குத் தெரியாது.

உலகம் முழுக்க டிராக்டர் விபத்துகளில் இந்த மாதிரி 'ஷார்ட் ஸ்டார்ட்' விபத்து தனியாகவே பேசப்படுகிற ஒன்று. இதற்காகவே பல கம்பெனி டிராக்டர்களில் செல்ப் மோட்டார் பக்கத்தில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டி, சொலினாய்டு மேல் மூடியும் போட்டு அனுப்புகிறார்கள். பழைய வண்டியில் ஸ்டிக்கர் உரிந்திருக்கும், மூடி காணாமல் போயிருக்கும். அந்த மூடி இல்லையென்றால் அடுத்த முறை ஊருக்குள் போகும்போது ஒன்று வாங்கிப் போட்டுவிடுவது நல்லது.

கீழே சொல்லப்போகும் எந்தச் சோதனைக்கும் முன்னால் இவ்வளவும் செய்தாக வேண்டும்: சமதரையில் வண்டி, ஹேண்ட் பிரேக் இழுத்து, கியர் நியூட்ரலில், பி.டி.ஓ. நியூட்ரலில், ரோட்டவேட்டர் தரையில் இறக்கி. சாவி போட ஒருவர் சீட்டில் உட்கார வேண்டும். மீட்டர் பிடிப்பவர் சக்கரத்துக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க ஸ்டாப் நாப்பை இழுத்து வைத்துக்கொள்ளலாம்.

என்ன சத்தம் வருது? காதைக் கொடுங்க

ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் போய் "வண்டி ஸ்டார்ட் ஆகலீங்ணா" என்று சொன்னால், "என்ன சத்தம் வருதுங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பாதிக் கோளாறு சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

'டக டக டக டக' என்று மெஷின் போல விடாமல் அடித்தால், சொலினாய்டு இழுக்கிறது, ஆனால் செல்ப் மோட்டார் கரண்ட் கேட்டவுடன் வோல்டேஜ் விழுந்து சொலினாய்டு விட்டுவிடுகிறது. மறுபடி இழுக்கிறது, மறுபடி விடுகிறது. பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை.

ஒரே ஒரு 'டக்' மட்டும் என்றால் சொலினாய்டு இழுத்து நிற்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. சொலினாய்டு உள்ளே இருக்கும் செம்பு காண்டாக்ட் கரிந்திருக்கலாம். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பெரிய கம்பியோ எர்த்தோ லூசாகவும் இருக்கலாம்.

சத்தமே இல்லையா? அப்படியானால் சொலினாய்டுக்கே கரண்ட் வரவில்லை. சாவி ஸ்விட்ச், பியூஸ், கிளட்ச் ஸ்விட்ச், இல்லையென்றால் அந்தச் சின்ன கம்பி.

'விர்ர்' என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றி என்ஜின் சுற்றவில்லை என்றால், பேட்டரியைத் திட்ட வேண்டாம். பென்டிக்ஸ் பல் போய் பிளைவீலில் கடிக்கவில்லை. அது மெக்கானிக் கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை.

என்ஜின் நன்றாக வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் செல்ப் பக்கம் போகவே தேவையில்லை. டீசல் இருக்கிறதா, ஏர் பிடித்திருக்கிறதா, நேற்று மாலை இழுத்த ஸ்டாப் நாப் உள்ளே போகாமல் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீங்க, ஸ்டாப் நாப்பை மறந்துவிட்டு பேட்டரி தீரும் வரை செல்ப் அடித்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

லைட் எரியுது, ஹாரன் அடிக்குது... அப்புறம் என்ன?

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரனும் அடிக்கிறது. அப்போ கரண்ட் வழி எல்லாம் சரி, செல்ப் மோட்டார்தான் போச்சு என்று அதைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள்.

சொட்டுநீர் போட்ட தோட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். மெயின் பைப்பில் முக்கால்வாசி சேறு அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன குழாயைத் திறந்தால் தண்ணீர் ஜோராக வரும். கேட் வால்வை முழுசாகத் திறந்தால்தான் தண்ணீர் வராதது தெரியும். டெர்மினலில் பூத்த உப்பும், துருப்பிடித்த எர்த் போல்ட்டும் இந்தச் சேறு மாதிரிதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 55 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் எடுப்பது 5 ஆம்பியருக்கும் கீழே. செல்ப் மோட்டார் டீசல் என்ஜினைச் சுற்ற 150 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் போல்ட்டில் துரு ஏறி ஒரு ஓம்ஸில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.02 ஓம்ஸ் தடை வந்துவிட்டது. ஹெட்லைட் எரியும்போது அந்த இடத்தில் வீணாவது 0.1 வோல்ட். கண்ணுக்குத் தெரியாது. அதே இடத்தில் செல்ப் அடிக்கும்போது வீணாவது 3 வோல்ட்! பேட்டரியின் வோல்டேஜும் செல்ப் அடிக்கும்போது இயல்பாகவே இறங்கியிருக்கும். மீதி ஏழோ எட்டோ வோல்ட்டை வைத்து மோட்டார் என்ன செய்யும்? 'டக்' என்று சொல்லிவிட்டு நிற்கும்.

அதனால் லைட் எரிவதை வைத்து முடிவு கட்டக் கூடாது. லைட்டைப் போட்டுக்கொண்டே செல்ப் அடித்துப் பாருங்கள். லைட் சுத்தமாக அணைந்தால் பேட்டரியோ டெர்மினலோ பலவீனம். வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல், செல்ப்பும் சத்தம் போடாமல் இருந்தால் செல்ப்புக்குக் கரண்டே போகவில்லை. காசு செலவில்லாத முதல் சோதனை இது.

கையில ஒரு மீட்டர் இருந்தா போதும்

எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டி மீட்டரே இதற்குப் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியைத் தொடும் முன் கையில் இருக்கும் பீடியை அணைத்துவிட வேண்டும். சார்ஜ் ஏறும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்க.

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன் பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழிலும் மீட்டரை வைத்துப் பார்த்தால், முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் அனேகமாகக் காலி, முதலில் சார்ஜ் போட வேண்டும். 10.5 பக்கம் வந்து, சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. செல்லுக்கு 2.1 வோல்ட் என்பது கணக்கு. இந்தப் பேட்டரிக்குத்தான் உண்மையிலேயே ஓய்வு கொடுக்க வேண்டும்.

அடுத்து, மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, சீட்டில் இருப்பவரை செல்ப் அடிக்கச் சொல்ல வேண்டும். ஐந்து நொடி போதும். 9.6 வோல்ட்டுக்கு மேலே நின்றால் பேட்டரி பரவாயில்லை. 8, 7 என்று சரிந்தால் பேட்டரிக்கு பலம் இல்லை, அல்லது செல்ப் மோட்டார் உள்ளே உரசி அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கிறது. கடையில் உள்ள வேறொரு நல்ல பேட்டரியை வைத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

செல்ப் அடிக்கும்போதும் பேட்டரியில் 11, 12 வோல்ட் இருக்கிறது, ஆனால் மோட்டார் நகரவில்லை அல்லது ஆமை வேகத்தில் சுற்றுகிறது. இதுதான் புது பேட்டரி வாங்கி ஏமாறுகிற கேஸ். பேட்டரி தெம்பாக இருக்கிறது, கரண்ட் போய்ச் சேரவில்லை.

எங்கே மாட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் செய்யும் வேலை சின்ன வேலைதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் குமிழில் வைக்க வேண்டும். கிளாம்பில் இல்லை, ஈயக் குமிழிலேயே. மறு முனையை செல்ப் மோட்டாரின் பாடியில், பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். இப்போது செல்ப் அடித்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் கோளாறு. அதே போல பிளஸ் குமிழுக்கும், பேட்டரி கம்பி வந்து சேரும் சொலினாய்டின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில் ஒரு தடவை. அங்கேயும் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிளஸ் கம்பியைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவில் மீட்டர். செல்ப் அடித்து 'டக்' சத்தம் வரும்போது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். வராமல் 12 வோல்ட்டே நின்றால் உள்ளே காண்டாக்ட் சேரவில்லை, சொலினாய்டு மாற்ற வேண்டியதுதான். பூஜ்யம் வருகிறது, எர்த்தும் சரி, மோட்டார் மட்டும் சுற்றவில்லை என்றால் கார்பன் பிரஷ் அல்லது ஆர்மேச்சர். மோட்டார் பாடியை சுத்தியல் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் சுற்றுகிறது என்றாலும் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தட்டித் தட்டியே ஒரு சீசனை ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் ஆர்மேச்சருக்கும் சேர்த்து செலவு வரும்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறு முனையை நேராக என்ஜின் பாடியிலும் மாட்டிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து சாவி போட்டுப் பார்க்கலாம். செல்ப் வேகமாக எடுத்தால் எர்த் போயிருக்கிறது என்று எழுதியே கொடுத்துவிடலாம்.

எர்த் போல்ட்: யாரும் திரும்பிப் பார்க்காத இடம்

பிளஸ் டெர்மினலைச் சுத்தம் செய்கிறவர்கள்கூட எர்த் ஸ்ட்ராப்பை மறந்துவிடுகிறார்கள். பேட்டரியின் மைனஸில் இருந்து சேஸிலோ என்ஜினிலோ போய் முடியும் அந்தப் பட்டை, சேறு, எண்ணெய்ப் பிசுக்கு, உரத் தூசி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கிடக்கும். யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றும் வண்டியில் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். வண்டிக்குப் புதுசாக பெயின்ட் அடித்தார்கள் என்றால் கேட்கவே வேண்டாம், போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் போயிருக்கும். பெயின்ட் கரண்டைக் கடத்தாது.

கழற்றும்போது மைனஸ் கிளாம்பை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸைக் கழற்றும் ஸ்பேனர் தவறி பாடியில் பட்டால் பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை, செல் மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவினால் பொங்கிக்கொண்டு போய்விடும். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கிவிடக் கூடாது. நன்றாகத் துடைத்து, குமிழையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கமாக முடுக்கி, அதற்கு மேல் வாசலின் தடவ வேண்டும். வாசலினை முதலில் தடவிவிட்டு கிளாம்பை மாட்டுவது தலைகீழ் வேலை.

கிளாம்ப் லூசாக இருக்கிறது என்று இடுக்கில் ஆணியைச் செருகி வைப்பதை எத்தனையோ வண்டியில் பார்க்கலாம். அப்போதைக்கு ஸ்டார்ட் ஆகும். ஆணி நாலு பக்கமும் தொடாது, குலுங்கக் குலுங்க ஈயம்தான் தேயும். புது கிளாம்ப் விலை ரொம்பக் குறைவு.

எர்த் ஸ்ட்ராப்பின் இரண்டு முனையையும் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை சுரண்டி, ஸ்பிரிங் வாஷர் போட்டு முடுக்கினாலே பல வண்டிகள் அன்றைக்கே உயிர் பெற்றுவிடும். செலவு ஒரு உப்புத்தாள்.

சாவியில் இருந்து போகும் சின்ன கம்பி

சத்தமே இல்லாத கேஸில் சொலினாய்டின் சின்ன டெர்மினலில் மீட்டர் வைத்து, கிளட்சை முழுசாக மிதித்து, சாவியைத் திருகச் சொல்ல வேண்டும். 12 வோல்ட் பக்கம் வந்தும் சொலினாய்டு இழுக்கவில்லை என்றால் சொலினாய்டு போச்சு. வோல்டேஜே வரவில்லை என்றால் பியூஸில் தொடங்கி சாவி ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போக வேண்டும். கிளட்ச் ஸ்விட்சில் சேறு புகுந்து அழுந்தாமல் நிற்பது சாதாரணமாக நடக்கும்.

அந்த ஸ்விட்ச் தொல்லை கொடுக்கிறது என்று இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுகிறவர்கள் உண்டு. அதுவும் ஸ்குரூடிரைவர் வித்தைக்கு அண்ணன் தம்பிதான். கியரில் நிற்கும் வண்டி சாவி போட்டவுடன் பாய்வதற்கு வழி செய்து வைத்த மாதிரி. சுத்தம் செய்து பாருங்கள், சரியாகவில்லை என்றால் புது ஸ்விட்ச் போடுங்கள்.

இன்னொன்று, பத்து தடவை திருகினால் ஒரு தடவை எடுக்கும் வண்டி. அங்கே மீட்டர் வைத்தால் 12-க்குப் பதில் 8, 9 வோல்ட்தான் இருக்கும். பழைய சாவி ஸ்விட்சும், இடையில் உள்ள நாலைந்து ஜாயிண்ட்டும் சேர்ந்து மீதியைத் தின்றுவிடுகின்றன. இதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் ஒரு ரிலே போட்டுக் கொடுப்பார்கள். சாவியில் இருந்து வரும் கம்பி ரிலேயை மட்டும் இயக்கும். பேட்டரியில் இருந்து பியூஸ் வழியாக நேராக வரும் தடித்த கம்பி சொலினாய்டை இயக்கும். கிளட்ச் ஸ்விட்ச் அதே இடத்தில் இருக்கிற மாதிரி போடச் சொல்ல வேண்டும். சின்ன வேலை, சாவி ஸ்விட்சின் ஆயுளும் கூடும்.

காலையில் ஜோர், மத்தியானம் மக்கர்

"ஏனுங்ணா, காலையில ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுதுங்க. மத்தியானம் டீ குடிச்சுட்டு வந்து போட்டா செல்ப் இழுக்க மாட்டேங்குது" என்கிற புகார் அடிக்கடி வரும். சாயங்காலம் வண்டி ஆறியதும் தானாகவே சரியாகிவிடும்.

இது பெரும்பாலும் செல்ப் மோட்டார் கேட்கிற சர்வீஸ். மோட்டாரின் இரண்டு முனையிலும் இருக்கும் புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் சாய்ந்து உள்சுவரில் உரசும். சூடேறும்போது இறுக்கம் கூடும், செம்புச் சுருளின் தடையும் கூடும். புஷ், பிரஷ் இரண்டையும் மாற்றி, காமுடேட்டரைச் சுத்தம் செய்தாலே போதும். ஆர்மேச்சர் உரசி நாசமாகும் வரை விட்டால்தான் புது மோட்டார்.

செல்ப்பை ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் அடிக்கக் கூடாது. விட்டு, ஒரு நிமிஷமாவது ஆறவைத்து மறுபடி அடிக்க வேண்டும். கோபத்தில் அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து மோட்டாரை எரித்தவர்கள் ஏராளம்.

மார்கழிக் குளிரும் ஹீட்டர் பிளக்கும்

மார்கழி, தை மாதங்களில் ஆனைமலை அடிவாரத்தில் விடியற்காலைக் குளிர் தெரிந்ததுதான். அப்போது செல்ப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காமல் வெள்ளைப் புகை மட்டும் தள்ளினால், ஹீட்டர் பிளக் இருக்கும் வண்டியில் அதைப் பார்க்க வேண்டும். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸில் இருந்து ஒரு டெஸ்ட் பல்பு வழியாக ஒவ்வொரு பிளக்கின் நுனியையும் தொட்டால், நல்ல பிளக் பல்பை எரிய வைக்கும். எரியாத பிளக் செத்த பிளக். மூன்று சிலிண்டரில் ஒன்று போனால் குளிரில் நொண்டி அடித்துக்கொண்டே ஸ்டார்ட் ஆகும். இரண்டு போனால் வெயில் ஏறும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஏர் கிளீனரில் பெட்ரோலோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ அடித்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் என்ஜினில் அது குழாயிலேயே பற்றி வெடிக்கும். பிஸ்டனும் போகும், முகமும் கருகும்.

தினமும் சார்ஜ் இறங்குதா? டைனமோவைப் பாருங்க

எல்லாம் சரி செய்தும் பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தால், ஏறவில்லை என்று அர்த்தம். என்ஜின் ஓடும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டி பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால் டைனமோ சார்ஜ் கொடுக்கவில்லை. முதலில் பெல்ட். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கலாம், அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் இறுக்க வேண்டும். 15-க்கு மேல் போனாலும் ஆபத்து, பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும்.

டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போதே பேட்டரி கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஆல்டர்னேட்டர் இருக்கும் வண்டியில் அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும்.

நிற்கும்போதே சார்ஜ் இறங்குகிறது என்றால் டிரைவர் மாட்டிய பாட்டுப் பெட்டி, கலர் கலரான எல்.இ.டி. லைட் பக்கம் பார்வையைத் திருப்பலாம். சாவியை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஆப் செய்து, மைனஸ் கிளாம்பைக் கழற்றி, குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில் டெஸ்ட் பல்பு பிடித்தால், எங்கேயாவது கரண்ட் கசிந்தால் பல்பு எரியும். ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கிப் பார்த்து, எதைப் பிடுங்கும்போது அணைகிறதோ அந்த லைனில் திருடன் இருக்கிறான். பியூஸே போடாமல் நேராக பேட்டரியில் கொடுத்த கனெக்ஷன் என்றால் அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

அவசரத்துக்கு வேறு வண்டி பேட்டரியில் இருந்து ஜம்பர் போடும்போது பிளஸுக்கு பிளஸ். அடுத்த கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறு முனையை நம்ம வண்டி பேட்டரியில் மாட்டாமல், தள்ளி என்ஜின் பாடியில் மாட்ட வேண்டும். கடைசியாக மாட்டும் இடத்தில்தான் பொறி வரும் என்பதால் இந்த ஏற்பாடு. தேங்காய் ஏற்ற வந்த லாரியில் இருந்து மட்டும் எடுக்க வேண்டாம். பெரிய லாரிகளில் 24 வோல்ட். 12 வோல்ட் வண்டியில் கொடுத்தால் பல்பில் தொடங்கி ரெகுலேட்டர் வரை எல்லாம் காலி.

எலி செய்யும் வேலை

கடைசியாக ஒன்று. தோப்புச் சாளையில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் பேனட்டுக்குள் எலியும் அணிலும் தென்னை நார் கொண்டுவந்து கூடு கட்டும், ஒயர் மேல் இருக்கும் பிளாஸ்டிக்கைக் கடித்துப் போடும். நேற்று வரை ஓடிய வண்டி இன்று சத்தமே போடாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தோல் உரிந்த ஒயர் நார்க் கூட்டில் உரசிப் பொறி விட்டால் வண்டியே தீப்பிடிக்கும். ஆகவே பல நாள் நின்ற வண்டியில் சாவி போடும் முன் பேனட்டைத் திறந்து, நாரை வாரி எறிந்துவிட்டு, ஒயர்களை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். மாசக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் மைனஸ் கிளாம்பைக் கழற்றி வைத்து, மாசம் ஒரு தடவை பேட்டரிக்கு சார்ஜ் போட வேண்டும். இறங்கிப்போய் அப்படியே கிடக்கும் பேட்டரியில் தகடுகள் உப்புப் பிடித்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் திரும்பாது.

இத்தனையும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடும்போது "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாமல், என்ன சத்தம் வருகிறது, நிற்கும்போது எத்தனை வோல்ட், செல்ப் அடிக்கும்போது எத்தனை வோல்ட் என்று மூன்றையும் சொல்லிவிட்டால், அவர் எந்த ஸ்பேர் எடுத்து வர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டு வருவார். தோப்புக்கு இரண்டு நடை வண்டிக்கூலி கொடுக்க வேண்டியிருக்காது.